காதுக்கு எத்தனை வோல்ட்?

எழுதி ரொம்ப நாளாச்சு. ஆபீஸில் ஆணி அதிகம் என்று வழக்கமான சாக்கைச் சொல்லலாம். உண்மைக் காரணம் அப்பா. போன வருஷம் அம்மா போன பிறகு கோயமுத்தூர் வீட்டைப் பூட்டிவிட்டு அவரை இங்கே முலுண்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம்.

அப்பா முப்பத்தோரு வருஷம் ஸ்பின்னிங் மில்லில், ரிங் ஃபிரேம் டிபார்ட்மெண்டில் இருந்தவர். மில்லுக்காரர் வீட்டுச் சண்டை மூணாவது வீட்டுக்குக் கேட்கும் என்று அம்மா சொல்லிச் சிரிப்பார். பத்துக்குப் பத்து ஹாலில் ராத்திரி பத்து மணிக்கு டி.எம்.எஸ். பாடினால் பம்பாயில் மூணாவது வீடு என்ன, மூணாவது மாடிக்கே கேட்கும். பக்கத்து ஃபிளாட் ஆஜி ரெண்டு தடவை கதவைத் தட்டிவிட்டார். மூணாவது தடவை அவர் பையன் வந்தார். "மாமாவுக்கு ஒரு ஹெட்போன் வாங்கிக் குடுங்க, இல்ல நம்மளக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க" என்றார் தங்கமணி.

ஹெட்போன் வாங்க வேண்டியிருக்கவில்லை. மச்சினன் அமெரிக்காவிலிருந்து வந்தபோது விட்டுப்போன சென்ஹைசர் எச்.டி. 650 பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தது. போனில் செருகி அப்பா தலையில் மாட்டினேன். வால்யூம் முழுக்க. "கேக்குது கண்ணு. ஆனா என்னவோ தண்ணிக்குள்ள இருந்து பாடற மாதிரி இருக்குது" என்றார். நான் மாட்டிப் பார்த்தேன். எனக்கு நன்றாகவே கேட்டது. அந்த நிமிஷமே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் பெட்டியில் 300 ஓம் என்று போட்டிருந்ததா, பழியைத் தூக்கி ஓம் மேலே போட்டேன். ஆபீஸில் ஓர் இசைப் பைத்தியம் இருக்கிறார். "300 ஓமா? நாற்பதாயிரத்துக்குக் குறைஞ்சு ஆம்ப் வாங்கினா பாவம்" என்றார். நாற்பதாயிரம்! பையனின் ஸ்கூல் ஃபீஸ்.

அப்போதுதான் பரண் ஞாபகம் வந்தது. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கொள்ளுங்கள். 2006, நான் பிரம்மச்சாரி, டோம்பிவலியில் நாலு பேர் ஒரு ரூமில். லாமிங்டன் ரோட்டில் ஒரு ஐ.சி., சில ரெசிஸ்டர், கெபாசிட்டர் வாங்கி, பள்ளிக்கூடத் தகர ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் சால்டர் பண்ணிய ஹெட்போன் ஆம்ப் ஒன்று. சீமாய் என்று பெயர். அதை எடுத்துத் தூசி தட்டி, புது 9 வோல்ட் பேட்டரி போட்டு அப்பாவுக்குக் கொடுத்தேன். திருகை மெதுவாக ஏற்றினார். ஏற்றிக்கொண்டே போனார். கடைசியில் முகம் மலர்ந்தது. "இப்பத்தான் கண்ணு கேக்குது!"

வாங்கி என் காதில் வைத்த மறுநொடி பிடுங்கி எறிந்தேன். காதுக்குள் ஊசி குத்திய மாதிரி. அப்பா கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டிருந்த சத்தம் அது.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் போச்சு. காதுக்கு ஏற்கெனவே மில் செய்ததை நான் ஜியாமெட்ரி பாக்ஸ் வைத்துச் செய்து முடிக்கிறேனோ என்ற பயம். இந்த ஆம்ப் என்ற வஸ்து எதற்காக வந்தது, யாருக்கு வேண்டும் என்று அடியிலிருந்து தேட ஆரம்பித்தேன். தேடியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆரம்பமே ஒரு காது கேளாத கதைதான். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நேதானியல் பால்ட்வின் என்று ஒரு மார்மன் கிறிஸ்தவர். சால்ட் லேக் சிட்டியின் பெரிய பிரார்த்தனை மண்டபத்தில் கூட்டச் சத்தத்தில் பிரசங்கம் காதில் விழவில்லை என்று மண்டையை உடைத்துக்கொண்டதில் பிறந்தது அவருடைய ஹெட்போன். 1910-ல் அமெரிக்கக் கடற்படைக்கு மாதிரி அனுப்பினார். கடற்படை சோதித்துப் பார்த்து அசந்துபோய் ஆர்டர் கொடுத்தால், மனுஷன் ஒரு தடவைக்குப் பத்துதான் செய்ய முடியும் என்கிறார். ஏனென்றால் தொழிற்சாலை அவர் வீட்டுச் சமையலறை :-)

அந்தக் காலத்து ஹெட்போனுக்கு ஆம்ப் கிடையாது. கிரிஸ்டல் ரேடியோவுக்குக் கரண்டே வேண்டாம், ஆன்டெனாவில் வருகிற துளி சக்திதான். அதை வீணாக்காமல் இருக்க மயிரிழைக் கம்பியை ஆயிரக்கணக்கில் சுற்றினார்கள். அதனால் 2000 ஓம் என்பது சாதாரணம். அதிக ஓம் என்றால் அதிகக் கரண்டு இழுக்கும் என்று பலர் (நானும்தான்) நினைப்பது தலைகீழ். அதிக ஓம் கேட்பது வோல்டேஜை, கரண்டை அல்ல.

அடுத்தது 1958. அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்து ஜான் காஸ். ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கு டி.வி. வாடகைக்கு விட்டுப் பிழைத்தவர். மார்ட்டின் லாங்கே என்ற என்ஜினியரோடு சேர்ந்து ஒரு கையடக்க ரெக்கார்ட் பிளேயர் செய்தார். கூடவே, அடுத்தவரைத் தொந்தரவு செய்யாமல் தனியாகக் கேட்க ஸ்டீரியோ ஹெட்போன். கண்காட்சியில் பிளேயரை யாரும் சீந்தவில்லை, ஹெட்போன் பிய்த்துக்கொண்டு போனது. 'அடுத்தவரைத் தொந்தரவு செய்யாமல்' என்ற இடத்தில் எனக்கு ஆஜி முகம் வந்து போனது.

அதற்குப் பிறகு ஸ்டீரியோ ரிசீவர்களின் முகப்பில் ஹெட்போன் ஓட்டை வந்தது. அதற்குத் தனி ஆம்ப் வைக்க யாருக்கும் மனசில்லை. ஸ்பீக்கருக்குப் போகிற கம்பியிலேயே சில நூறு ஓம் ரெசிஸ்டரைக் குறுக்கே போட்டு ஓட்டைக்கு இழுத்துவிட்டார்கள். 1968-ல் வந்த சென்ஹைசர் எச்.டி. 414 மாதிரி 2000 ஓம் ஹெட்போனுக்கு அந்த ரெசிஸ்டர் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் இன்றைய 32 ஓம் ஹெட்போனை அதில் செருகினால் வேறு கதை. சோர் பஜாரில் வாங்கிய பழைய ரிசீவர் ஒன்றில் நான் அனுபவித்திருக்கிறேன். தவில் மட்டும் பக்கத்து ரூமில் தனியாக வாசிப்பது போல ஒரே 'தொம் தொம்'. ஹெட்போனின் ஓம் எல்லா ஸ்தாயியிலும் ஒன்றாக இருக்காது. பெரும்பாலும் கீழ் ஸ்தாயியில் ஓரிடத்தில் எகிறும். வெளியே ரெசிஸ்டர் பெரிதாக இருந்தால் அந்த இடத்துக்கு மட்டும் கூடுதல் வோல்டேஜ் போய்ச்சேரும். 1996-ன் ஐ.இ.சி. 61938 தரநிர்ணயமே ஹெட்போன் ஓட்டைக்கு 120 ஓம் என்று சொன்னது. இன்றைக்கு ஆம்ப் வாங்குகிறவர் பார்க்க வேண்டிய கணக்கு இதற்கு நேர் எதிர்: ஆம்பின் வெளியீட்டு ஓம், ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். 32 ஓமுக்கு 4. விலைச்சீட்டைவிட இந்த ஒரு எண் முக்கியம்.

1979 ஜூலை 1-ல் ஜப்பானில் சோனி வாக்மேன் வந்தது. ரெண்டு பென்டார்ச் செல், மொத்தம் 3 வோல்ட். எப்படிக் கணக்குப் போட்டாலும் ஒரு வோல்ட்டுக்கு மேல் வெளியே வராது. அந்த ஒரு வோல்ட் 300 ஓம் ஹெட்போனுக்கு 3 மில்லிவாட்தான், 32 ஓமுக்கு 30 மில்லிவாட். ஆகவே கையில் தூக்கிப்போகும் கருவிகளுக்கான ஹெட்போன்கள் ஓமில் இறங்கின, வீட்டு ஹெட்போன்கள் உயரத்திலேயே நின்றன. வீட்டு ஹெட்போனைக் கைக்கருவியில் செருகினால் திணறும். தனி ஹெட்போன் ஆம்ப் என்ற சந்தைக்கு இந்த இடைவெளி ஒரு பெரிய காரணம். 1992-ல் மொன்டானா மாநிலத்து போஸ்மன் என்ற சின்ன ஊரில் டைல் ஹெர்ட்சென்ஸ் தொடங்கிய ஹெட்ரூம் கம்பெனி அதில் முன்னோடி. விலை நம்மைப் போன்றவர்களுக்கு இல்லை.

நமக்கான ஆள் 1998-ல் வந்தார். சூ மாய். ஹெட்வைஸ் என்ற இணையதளத்தில் தன் பாக்கெட் ஆம்பின் வரைபடத்தை இலவசமாகப் போட்டார். ஒரு ஆப்-ஆம்ப், ஒரு 9 வோல்ட் பேட்டரி, கைப்பிடி உதிரிபாகம். அமெரிக்காவில் புதினா மிட்டாய் டப்பாவுக்குள் கட்டினார்கள், நமக்கு ஜியாமெட்ரி பாக்ஸ். அவர் வரைபடத்தில் வோல்டேஜ் 11 மடங்கு பெருகும். அன்றைய பிளேயர்களுக்கு அது வசதி. இன்றைய போனுக்கு அது அநியாயம். அப்பாவுக்கு நான் கொடுத்தது இதைத்தான்.

கடைசியாக ஒரு மர்மக் கதை. 2011-ல் என்.டபிள்யூ.ஏ.வி.கை என்ற புனைபெயரில் ஒருவர் எழுத வந்தார். பெரிய விலை ஆம்ப்களை அளவுக்கருவியில் மாட்டி, எண்களைப் போட்டுத் தோலுரித்தார். பேசினால் மட்டும் போதுமா என்று கேட்டவர்களுக்குப் பதிலாக அதே வருஷம் ஓ-2 என்ற ஆம்பின் முழு வரைபடத்தையும் வெளியிட்டார். உதிரிபாகம் 50 டாலருக்குள். பல மடங்கு விலைக்கருவிகளுக்குப் பக்கத்தில் நிற்கிற அளவுகள். யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம், வரைபடத்தை மாற்றக்கூடாது, அவ்வளவுதான். 2012-க்குப் பிறகு ஆளைக் காணோம். யார், ஏன் போனார், தெரியவில்லை. 2014-ல் ஐ.இ.இ.இ. ஸ்பெக்ட்ரம் பத்திரிகை அவர் காணாமல் போனதைப் பற்றித் தனிக் கட்டுரையே போட்டது. அவர் போனாலும், 'நல்ல ஆம்புக்கு ஏன் இவ்வளவு விலை' என்ற கேள்வி போகவில்லை. 2012 கடைசியில் 99 டாலருக்கு மேக்னி (கம்பெனிப் பெயரை வீட்டில் பெரியவர்கள் முன்னால் சொல்ல முடியாது), 2018-ல் அதே 99-க்கு ஜே.டி.எஸ். லாப்ஸின் ஆட்டம். அதே 2018-ல் ஆப்பிள் 9 டாலருக்கு ஒரு யூ.எஸ்.பி.-சி வால் போட்டது. வெளியீடு 1 வோல்ட் (ஐரோப்பாவில் விற்கிற மாடல் அதில் பாதி). வாக்மேனின் 3 வோல்ட் பேட்டரி எட்டக்கூடிய உச்சம் எதுவோ, அது இப்போது விரல் நீள வாலுக்குள்.

இப்போது அப்பா கணக்குக்கு வருவோம். எச்.டி. 650-க்கு 1 வோல்ட் கொடுத்தால் 103 டெசிபல் என்று கம்பெனியே சொல்கிறது. போன் அரை வோல்ட் கொடுத்திருந்தாலும் 97. அது சின்னச் சத்தமே இல்லை. ஜியாமெட்ரி பாக்ஸின் 9 வோல்ட் பேட்டரி இரண்டரை வோல்ட் வரை தள்ளும் என்று வைத்தால் 111. அமெரிக்கத் தொழிலிட நல ஆய்வு நிறுவனமான நியோஷின் வரம்பு 85 டெசிபலில் எட்டு மணி நேரம், பிறகு ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி. அந்தக் கணக்கில் 111-க்குக் கிடைப்பது ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல். பாட்டின் சராசரி அதன் உச்சத்தைவிடக் குறைவுதான், ஆனாலும் வயிறு கலங்கியது.

மறுவாரம் லீவு போட்டு அப்பாவைக் காது பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். வரைபடத்தைப் பார்த்தேன். கீழ் ஸ்தாயியில் ஓரளவு நேராகப் போன கோடு, 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கியது. இரைச்சலில் வேலை பார்த்தவர்களுக்கு இப்படித்தான் இருக்கும் என்றார் ஆடியாலஜிஸ்ட். தண்ணிக்குள்ள இருந்து பாடற மாதிரி என்று அப்பா சொன்னது வார்த்தைக்கு வார்த்தை சரி. குரலின் கனம் கேட்கிறது, எழுத்துகளின் கூர்மை கேட்கவில்லை. ஆம்ப் எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றும். அவருக்குக் கேட்காத இடத்தைக் கேட்க வைக்கிறேன் என்று, கேட்கிற இடத்தையும் சேர்த்துப் பொசுக்கும். பேச்சுக்குக் காது கருவி வாங்கியாச்சு. "கெழவனாட்டம் இருக்குது" என்று ரெண்டு வாரம் முரண்டு பிடித்தார். பாட்டுக்கு, மொத்தச் சத்தத்தை ஏற்றாமல் போனின் ஈக்வலைசரில் மேல் பகுதியை மட்டும் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள் என்றார் அந்த அம்மா.

இவ்வளவுக்கும் பிறகு நான் ஆம்ப் வாங்கினேன் :-) காரணம் வாட் இல்லை, திருகு. அப்பாவின் விரலுக்குப் போனின் வழுக்குத் திரை பிடிபடவில்லை. பாட்டு மாறும்போதெல்லாம் என்னையோ பேரனையோ கூப்பிட வேண்டியிருந்தது. பழைய வால்வு ரேடியோ மாதிரி பிடித்துத் திருக ஒரு குமிழ் வேண்டும், போனையும் டி.வி.யையும் மாற்ற ஒரு ஸ்விட்ச் வேண்டும். ஒருவர் வைத்திருந்து விற்ற சின்ன டேபிள் ஆம்ப், 6,000 ரூபாய். வெளியீட்டு ஓம் ஒன்றுக்கும் கீழ், கெயினைக் குறைத்து வைக்க பின்னால் பட்டன், சுவரில் செருகும் பவர். அப்பா கேட்பது பாதிக்கு மேல் ஐம்பது, அறுபதுகளின் மோனோ. கொஞ்சும் சலங்கையில் (1962) காருகுறிச்சியின் நாதஸ்வரம் வரும்போது இசைத்தட்டின் கரகரப்பும் சேர்ந்தேதான் வருகிறது. நாற்பதாயிரம் கொடுத்திருந்தால் கரகரப்பு துல்லியமாகக் கேட்டிருக்கும்.

வாங்கிய ஞாயிற்றுக்கிழமையே லாமிங்டன் ரோடு போய் நாலு ரெசிஸ்டர் வாங்கி வந்து, உள்ளே வருகிற கம்பியில் சால்டர் பண்ணினேன். போனில் முழு அளவு சைன் ஒலியை ஓடவிட்டு, மல்டிமீட்டரை வெளியீட்டில் வைத்து, குமிழை முழுக்கத் திருப்பினாலும் 0.3 வோல்ட்டைத் தாண்டாதபடி. உச்சமே 92, 93 டெசிபல், பாட்டின் சராசரி அதற்கு நன்றாகக் கீழே. ஆம்ப் வாங்கி, சத்தத்தைக் குறைக்கப் பாகம் வாங்கியவன் பம்பாயில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன் என்றார் தங்கமணி. அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை. குமிழை முழுக்கத் திருப்பிவிட்டு, "நல்ல மிஷினு கண்ணு, புல்லா வெச்சாலும் எரைச்சலே இல்ல" என்கிறார்.

போன வாரம் லிஃப்டில் ஆஜி பிடித்துக்கொண்டார். "ஆஜோபா காவாலா கேலே கா?" தாத்தா ஊருக்குப் போய்விட்டாரா என்று கேட்கிறார்.