சுரையாவும் அத்தபரானும்: ரிஷப மண்டல விண்மீன்கள் கூறும் வரலாறு

 



நம் சமுதாயத்தில் சுரையா என்ற பெயருடைய பெண்மணி இல்லாத ஊர் அரிது. அந்தப் பெயர் வானத்திலிருந்து வந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? தமிழில் நாம் கார்த்திகை என்று அழைக்கும் விண்மீன் கூட்டத்தையே அரபு மக்கள் ‘அஸ்ஸுரையா’ என்று அழைத்தனர். நவம்பர் மாத இறுதியில் இஷா தொழுதுவிட்டுப் பள்ளிவாசலுக்கு வெளியே வந்து கிழக்கு வானைப் பாருங்கள். சிறிய கொத்தாக ஆறேழு விண்மீன்கள் நெருங்கி மின்னுவதைக் காண்பீர்கள். அதுவே சுரையா. அதற்குக் கீழே செம்மஞ்சள் நிறத்தில் ஒரு விண்மீன் தனித்து ஒளிரும். அதுவே ‘அத்தபரான்’. நம் நாட்டில் ரோகிணி என்பது அதைத்தான். இவ்விரண்டும் அரபியில் ‘ஸவ்ர்’ என்றும் தமிழில் ரிஷபம் என்றும் கூறப்படும் காளை மண்டலத்தைச் சேர்ந்தவை.

இந்த விண்மீன்களின் வரலாற்றில் இரண்டு பாதைகள் உள்ளன. ஒன்று, அவற்றை இறைவனின் அத்தாட்சிகளாகக் கண்டு, அளந்து, அறிந்து பயன்பெற்றவர்களின் பாதை. மற்றொன்று, அவற்றின் கையில் தம் வாழ்வை ஒப்படைத்தவர்களின் பாதை. பிள்ளை பிறந்த நாளையும் மணநாளையும் விண்மீனை வைத்து எடைபோடும் பழக்கம் நம் சில இல்லங்களிலும் சந்தடியின்றி நுழைந்துவிட்டது. ஆகவே இவ்வரலாற்றை அறிவது நம் ஈமானோடு தொடர்புடைய கடமையாகிறது.

பாலைவனத்தின் நாட்காட்டி

அரபு மக்கள் சந்திரனின் பாதையை 28 மன்ஸில்களாக, அதாவது தங்குமிடங்களாகப் பிரித்திருந்தனர். அவற்றில் மூன்றாவது சுரையா, நான்காவது தபரான். நம் நாட்டுக் கணக்கில் 27 நட்சத்திரங்கள். அங்கும் மூன்றாவது கார்த்திகை, நான்காவது ரோகிணி. கடல் கடந்து வாழ்ந்த இரு சமூகங்களும் ஒரே வானத்தையே நோக்கியிருந்தன.

‘தபரான்’ என்றால் பின்தொடர்வது என்று பொருள். சுரையாவுக்குப் பின்னால் எழுந்து, அதைத் தொடர்ந்தே செல்வதால் இப்பெயர். சுரையாவை மணம் பேசச் சென்ற தபரான், அருகிலுள்ள சிறு விண்மீன்களாகிய இளம் ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு அவள் பின்னாலேயே அலைவதாக அம்மக்களிடையே ஒரு கதையும் இருந்தது.

காளையின் கொம்பு நுனியிலுள்ள பிரகாசமான விண்மீனுக்கு ‘அந்நத்ஹ்’ என்று பெயர். கொம்பால் முட்டுவது என்பது இதன் பொருள். இன்று உலக வானியல் நூல்களில் அல்டெபரான், எல்நாத் என்று காணப்படும் பெயர்கள் இந்த அரபுச் சொற்களே. சர்வதேச வானியல் ஒன்றியம் 2016-ஆம் ஆண்டு விண்மீன்களுக்குரிய அதிகாரபூர்வப் பெயர்ப் பட்டியலை வெளியிடத் தொடங்கியபோது இவையும் அதில் இடம்பெற்றன.

திருமறையிலும் நபிமொழியிலும்

அரபியில் ‘அந்நஜ்ம்’ என்று பொதுவாகச் சொன்னாலே சுரையாவைக் குறிக்கும் வழக்கம் இருந்தது. ‘அந்நஜ்ம்’ அத்தியாயத்தின் முதல் வசனத்தில் இறைவன் சத்தியமிடும் விண்மீன் சுரையாவே என்று விரிவுரையாளர் முஜாஹித் (ரஹ்) அவர்கள் விளக்கம் அளித்துள்ளார்கள்.

‘அல்ஜுமுஆ’ அத்தியாயம் இறங்கிய வேளையில், பாரசீகத்திலிருந்து வந்த ஸல்மான் (ரலி) அவர்கள் மீது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் கரத்தை வைத்து, ஈமான் சுரையாவிடத்தில் இருந்தாலும் இவருடைய மக்களில் சிலர் அதை அடைந்தே தீருவர் என்ற கருத்தில் கூறினார்கள் (புகாரி, முஸ்லிம்). எட்டாத உயரத்துக்கு உவமையாக வந்தது அந்தச் சிறு விண்மீன் கூட்டம்.

மதீனாவில் ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்கள், சுரையா உதித்து, கனிகளில் மஞ்சளும் சிவப்பும் தெளிவாகத் தெரியும்வரை தம் தோட்டத்துப் பழங்களை விற்கமாட்டார்கள் என்ற செய்தியும் புகாரியில் பதிவாகியுள்ளது. கோடையின் தொடக்கத்தில் விடியலுக்குச் சற்று முன் சுரையா கிழக்கில் தலைகாட்டும். பழங்கள் நோய்க்குத் தப்பி முற்றிவிட்டன என்பதற்கு அது காலக் குறி. விண்மீன் பழத்தைப் பழுக்க வைப்பதாக அந்த நபித்தோழர் நினைக்கவில்லை. கடிகார முள் பன்னிரண்டைத் தொடுவதால் நண்பகல் உண்டாவதில்லை. நண்பகல் ஆனதை முள் காட்டுகிறது, அவ்வளவுதான். இந்த வேறுபாட்டை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். நம் தலைப்பின் உயிர்நாடி இதுவே.

ஹுதைபிய்யாவில் ஒரு விடியல்

அறியாமைக் காலத்து மக்கள் இந்த எல்லையைத் தாண்டியிருந்தனர். விடியற்காலையில் ஒரு மன்ஸில் மேற்கே மறைவதை ‘நவ்உ’ என்பார்கள். அப்போது பெய்யும் மழை அந்த விண்மீன் தந்தது என்று நம்பினார்கள்.

ஹிஜ்ரி 6-ஆம் ஆண்டு ஹுதைபிய்யாவில் ஓர் இரவு மழை பெய்தது. ஸுப்ஹுத் தொழுகைக்குப் பின் நபி (ஸல்) அவர்கள் தோழர்களை நோக்கித் திரும்பி, இறைவன் அறிவித்ததை எடுத்துரைத்தார்கள். அல்லாஹ்வின் அருளால் மழை பெற்றோம் என்றவர் அவனை நம்பி விண்மீனை மறுத்தவராகிறார். இன்ன விண்மீனால் மழை பெற்றோம் என்றவர் அவனை மறுத்து விண்மீனை நம்பியவராகிறார் என்பதே அதன் சாரம். இதை ஸைத் பின் காலித் (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளனர்.

ஹிஜ்ரி 10-இல் நபியவர்களின் அருமை மகன் இப்ராஹீம் மரணித்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அந்த மரணத்தால்தான் கிரகணம் என்று மக்கள் பேசிக்கொண்டனர். தம் மகனின் சிறப்பை உயர்த்தும் அந்தப் பேச்சைக்கூட நபி (ஸல்) அவர்கள் அனுமதிக்கவில்லை. சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள். எவருடைய மரணத்துக்காகவும் வாழ்வுக்காகவும் அவை ஒளி மங்குவதில்லை என்று தெளிவுபடுத்தினார்கள். துயரம் நெஞ்சை அடைத்திருந்த வேளையிலும் ஏகத்துவத்தின் எல்லையைக் காத்தார்கள் எம்பெருமானார்!

அளந்தவர்களின் பாதை

இந்தப் போதனை முஸ்லிம்களை வானத்தைவிட்டு விலக்கவில்லை. மாறாக, வானத்தின் பக்கம் திருப்பியது. நிலத்தின் இருளிலும் கடலின் இருளிலும் வழி அறிவதற்காக விண்மீன்கள் ஆக்கப்பட்டன என்பது திருமறையின் கூற்று (6:97). கிப்லாவின் திசையும் தொழுகை நேரமும் அறிய வானியல் தேவைப்பட்டது.

ஹிஜ்ரி 276-இல் மறைந்த அறிஞர் இப்னு குதைபா (ரஹ்) அவர்கள், அரபு மக்களின் விண்மீன் அறிவை ‘கிதாபுல் அன்வா’ என்ற நூலில் தொகுத்தார்கள். ரய் நகரில் 903-இல் பிறந்த அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி, 964-ஆம் ஆண்டளவில் விண்மீன் மண்டலங்களைப் பற்றிய தம் புகழ்பெற்ற நூலை எழுதினார். கிரேக்க அறிஞர் தாலமி வகுத்த 48 மண்டலங்களையும் தாமே கண்ணால் ஆய்ந்து, ஒளி அளவுகளில் கண்ட பிழைகளைத் திருத்தினார். ஒவ்வொரு மண்டலத்துக்கும் இரு படங்கள் வரைந்தார்: பூமியிலிருந்து காண்பது ஒன்று, வானக் கோளத்தின் மீது வரைவது மற்றொன்று.

திமிஷ்கின் உமய்யாப் பள்ளிவாசலில் தொழுகை நேரம் கணிக்கும் ‘முவக்கித்’தாகப் பணியாற்றியவர், பெரும் வானியல் அறிஞரான இப்னுஷ் ஷாதிர் (1304–1375). சமர்கந்தில் உலுக் பேக் அமைத்த ஆய்வகத்திலிருந்து 1437-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களின் புதிய அட்டவணை வெளிவந்தது. அரபு மாலுமிகளின் திசைகாட்டி 32 பிரிவுகளைக் கொண்டது. அவற்றுள் ஒரு திசைக்குச் சுரையாவின் பெயரே சூட்டப்பட்டிருந்தது. நம் காயல் துறைமுகத்துக்குக் குதிரைகளை ஏற்றி வந்த மரக்கலங்களுக்கும் இந்த விண்மீன்களே வழிகாட்டிகள்.

ஒரு மருத்துவரின் குறிப்பு

1054-ஆம் ஆண்டு காளையின் மற்றொரு கொம்பு நுனிக்கு அருகே புதிய விண்மீன் ஒன்று திடீரென ஒளிர்ந்தது. 23 நாட்கள் பகலிலும் தெரிந்ததாகச் சீனக் குறிப்புகள் கூறுகின்றன. பக்தாதைச் சேர்ந்த கிறிஸ்தவ மருத்துவர் இப்னு புத்லான் அதுபற்றி எழுதியதை, பிற்கால வரலாற்றாசிரியர் இப்னு அபீ உஸைபிஆ பாதுகாத்துத் தந்துள்ளார். அவ்வாண்டு கான்ஸ்டான்டினோபிளில் கொள்ளைநோய் பரவி, ஒரே இடத்தில் 14,000 பேர் அடக்கம் செய்யப்பட்டனர் என்று கூறும் அக்குறிப்பு, அந்த நோயைப் புதிய விண்மீனோடு இணைக்கிறது.

இன்று நாம் அறிவது என்ன? அது முதுமை எய்திய ஒரு பெரும் விண்மீனின் வெடிப்பு. அதன் சிதறலை நண்டு வடிவ மேகம் என்று வானியலார் அழைக்கின்றனர். அது ஏறத்தாழ 6,500 ஒளியாண்டுகள் தொலைவில் உள்ளது. அதாவது, 1054-இல் மக்கள் கண்ட வெடிப்பு அதற்கு ஆறாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே நடந்து முடிந்திருந்தது. நோயால் மாண்டவர்களின் பாட்டனுக்குப் பாட்டனும் பிறப்பதற்கு முன் புறப்பட்ட ஒளி அது! இப்னு புத்லான் ஆற்றல் மிக்க மருத்துவர். உடல்நலம் பேணுவது குறித்து அவர் எழுதிய நூல் ஐரோப்பா வரை சென்றது. அத்தகையவரும் தம் காலத்தின் நம்பிக்கையிலிருந்து தப்பவில்லை என்றால், நாம் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்!

ரோகிணி மீது ஏற்றிய பழி

ரோகிணியில் ஆண் குழந்தை பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்ற பேச்சை நம் நாட்டில் கேட்டிருப்பீர்கள். பிறந்த சிசுவின் முகத்தை மகிழ்ச்சியோடு காண வேண்டிய மாமன், அச்சத்தோடு பார்க்கிறார். குற்றம் அறியாத பச்சிளம் பிள்ளையின் மீது பிறந்த அன்றே பழி விழுகிறது. சகோதரிக்கும் சகோதரனுக்கும் இடையே விரிசல் உண்டாகிறது. இதைவிடக் கொடுமை வேறென்ன?

சற்றே சிந்தியுங்கள். ரோகிணியாகிய தபரான் ஏறத்தாழ 65 ஒளியாண்டுகள் தொலைவில் உள்ளது. சூரியனைப் போல் சுமார் 44 மடங்கு குறுக்களவு கொண்ட முதிய விண்மீன் அது. குழந்தை பிறந்த இரவில் அங்கிருந்து புறப்படும் ஒளி, அக்குழந்தை 65 வயது முதியவரான பிறகே பூமியை வந்தடையும். அந்நாளில் சந்திரன் தபரானுக்கு அருகே தெரிகிறதே என்பார்கள். சந்திரனின் ஒளி ஒன்றேகால் விநாடி அளவில் நம்மை அடைகிறது. இவ்விரண்டும் அருகருகே இல்லை. நம் கண்ணுக்கு அப்படித் தோன்றுகின்றன. மேலும் அதே நாளில் உலகெங்கும் பிறந்த இலட்சக்கணக்கான பிள்ளைகளின் மாமன்மார்கள் அனைவருக்கும் ஒரே விதியா?

கணிப்பவர்களிடையேயும் ஒற்றுமை இல்லை. மே முதல் தேதி பிறந்தவரை மேலைநாட்டு முறை ரிஷப ராசி என்கிறது. நம் பஞ்சாங்கமோ அந்நாளில் சூரியன் மேஷ ராசியில் இருப்பதாகக் கூறுகிறது. ஒரே நாளில் ஒரே சூரியனுக்கு இரண்டு ராசி! ‘நிலையான விண்மீன்கள்’ என்று முன்னோர் கருதியவையும் நிலையாக இல்லை. தபரான் உள்ளிட்ட சில விண்மீன்கள் பண்டைக் குறிப்புகளில் உள்ள இடத்திலிருந்து நகர்ந்திருப்பதை 1718-இல் ஹாலி கண்டறிந்தார். தம் இடத்தையே தாமாகக் காத்துக்கொள்ள இயலாதவை, உங்கள் மகளின் மணவாழ்வைக் காக்குமா?

குறி சொல்பவனிடம் சென்று ஒன்றைப் பற்றிக் கேட்டவரின் நாற்பது நாள் தொழுகை ஏற்கப்படாது என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள் (முஸ்லிம்). இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்களும், வரலாற்று மேதை இப்னு கல்தூன் அவர்களும் சோதிடத்தை மறுத்து விரிவாக எழுதியுள்ளனர். வானியலைப் போற்றிய அதே சமுதாயம்தான் சோதிடத்தை மறுத்தது என்பதை மறந்துவிடாதீர்கள்.

நாம் செய்ய வேண்டியது

அன்பார்ந்த பெற்றோர்களே! நாள்காட்டியிலும் நாளிதழிலும் ராசி பலன் பார்க்கும் வழக்கம் வீட்டில் இருந்தால், விளையாட்டுக்காகவும் அதைத் தொடராதீர்கள். விளையாட்டாகப் படித்த வரி, சோதனை வரும் நாளில் நெஞ்சில் நின்று உறுத்தும். திருமணப் பேச்சில் மார்க்கத்தையும் நற்குணத்தையும் பாருங்கள். முடிவெடுக்கத் தயங்கினால் இரண்டு ரக்அத் தொழுது இஸ்திகாராச் செய்யுங்கள். அறியாமைக் கால மக்கள் விண்மீனையும் பறவையையும் கேட்டார்கள். நமக்கோ நேரடியாக இறைவனிடம் கேட்கும் பேறு கிடைத்திருக்கிறது.

அதே வேளையில், பிள்ளைகளை மொட்டை மாடிக்கு அழைத்துச் சென்று சுரையாவைக் காட்டுங்கள். வெறுங்கண்ணுக்கு ஆறேழாகத் தெரியும் அக்கூட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்கள் இருப்பதையும், அதன் ஒளி ஏறத்தாழ 440 ஆண்டுகள் பயணம் செய்து அவர்களின் கண்ணை அடைவதையும் சொல்லுங்கள். அஸ்ஸூஃபியின் பெயரையும் உலுக் பேக்கின் பெயரையும் அவர்கள் அறியட்டும். வானங்கள், பூமியின் படைப்பைச் சிந்தித்து, இறைவா, இவற்றை நீ வீணாகப் படைக்கவில்லை என்று உருகும் நல்லடியார்களைத் திருமறை புகழ்கிறது (3:191). அந்தக் கூட்டத்தில் நம் மக்களும் சேரட்டும்.

விண்மீன்களை நமக்கு வழிகாட்டிகளாக ஆக்கிய வல்ல அல்லாஹ், அவற்றை வணங்கும் வழிகேட்டிலிருந்தும், அவற்றுக்கு அஞ்சும் பலவீனத்திலிருந்தும் நம்மையும் நம் சந்ததிகளையும் காத்தருள்வானாக! அவனை மட்டுமே நம்பி வாழ்ந்து, அவனை மட்டுமே நம்பிய நிலையில் மரணிக்கும் பாக்கியத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.