பேரிடரும் மக்கள் வரைந்த வரைபடமும்

மேட்டூர் அணை நிரம்பினால் சேலம் பக்கம் அது மகிழ்ச்சியான செய்தி. ஆற்றின் கீழே நாமக்கல் மாவட்டக் கரையில் அதுவே மூட்டை கட்டும் செய்தி! பவானிக்கு எதிர்க்கரையில் குமாரபாளையம், ஈரோட்டுக்கு எதிர்க்கரையில் பள்ளிபாளையம். இரண்டும் விசைத்தறி ஊர்கள். அணையில் எத்தனை கன அடி திறந்தார்கள் என்று செய்தியில் சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்தத் தண்ணீர் எந்தத் தெரு வரை ஏறும்? கன அடியைத் தெருவாக மாற்றிச் சொல்ல ஒரு வரைபடம் வேண்டும். அப்படிப்பட்ட வரைபடத்தை மக்களே வரைய ஆரம்பித்தது அண்மைக் கால வரலாறுதான்.

2004-இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திட்டத்தைத் தொடங்கினார். யார் வேண்டுமானாலும் தன் தெருவை வரையலாம், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். 2008-இல் கென்யாவில் தேர்தல் கலவரம் நடந்த இடங்களை மக்கள் அனுப்பிய தகவலைக் கொண்டு குறிக்க உஷாஹிடி என்ற தளம் வந்தது. சுவாஹிலி மொழியில் அந்தச் சொல்லுக்குச் 'சாட்சியம்' என்று பொருள். 2010 ஜனவரியில் ஹைட்டியில் நிலநடுக்கம் வந்தபோது, தலைநகருக்கே சரியான தெரு வரைபடம் இல்லை. உலகின் பல மூலைகளில் இருந்த தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து அதை வரைந்து கொடுத்தார்கள்.

தமிழ்நாட்டில் இதற்கு வந்த பெரிய சோதனை 2015 சென்னை வெள்ளம். டிசம்பர் 1 காலை முதல் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. அடையாறு கரை புரண்டது. ட்விட்டரில் 'சென்னை ரெயின்ஸ் ஹெல்ப்' என்ற குறிச்சொல்லில் படகு, உணவு, தங்க இடம் என்று கோரிக்கைகள் குவிந்தன. அந்த மழைக்காலத்தில் அருண் கணேஷ் என்ற வரைபடக் கலைஞர் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை அடிப்படையாக வைத்து ஒரு வெள்ள வரைபடம் உருவாக்கினார். நீர் தேங்கிய தெருவைத் தொட்டால் அது சிவப்பாக மாறும், அவ்வளவுதான். சில நாட்களில் 2,500-க்கும் மேற்பட்ட தெருக்கள் குறிக்கப்பட்டன. இது எப்படி முடிந்தது? சென்னையின் தெருக்களை அதற்கு முன்பே பலர் பொறுமையாக வரைந்து வைத்திருந்தார்கள். கோடு இல்லாத தெருவை யாரும் சிவப்பாக்க முடியாது.

குறைகளும் இருந்தன. மீட்கப்பட்டவர்களின் பழைய கோரிக்கைகள் தொடர்ந்து சுற்றிக்கொண்டே இருந்தன. முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று ஒரு புரளி, நாசாவின் பெயரால் பெருமழை எச்சரிக்கை என்று இன்னொரு புரளி. இவற்றைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. மின்சாரமும் கைபேசியும் செத்துப்போன தெருவிலிருந்து யார் குறிப்பார்கள்? வரைபடத்தில் வெறுமையாக இருக்கும் இடம் காய்ந்த இடமாகவும் இருக்கலாம், மிக மோசமாக மூழ்கிய இடமாகவும் இருக்கலாம்.

2018 ஆகஸ்டில் கேரளம் மூழ்கியபோது, அந்த மாநில ஐ.டி. மிஷனும் தன்னார்வப் பொறியாளர்களும் 'கேரள ரெஸ்க்யூ' என்ற தளத்தில் உதவிக் கோரிக்கைகளை ஒரே இடத்தில் திரட்டினார்கள். அதே நாட்களில் வயநாட்டில் பெய்த மழை கபினி வழியாக மேட்டூருக்கு வந்தது. அணையிலிருந்து 2 லட்சம் கன அடிக்கும் மேல் திறக்கப்பட்டது. கூடுதுறையில் பவானி ஆற்று வெள்ளமும் சேர, குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் கரையோரக் குடும்பங்கள் முகாம்களுக்குப் போக நேர்ந்தது. 2022 ஆகஸ்டிலும் இந்தப் பகுதியில் அதே கதைதான்.

சென்னை வெள்ளத்துக்கும் இதற்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. இங்கே தண்ணீர் சொல்லிவிட்டு வருகிறது. மதகு திறந்து ஊரை எட்டச் சில மணி நேரம் ஆகும். ஆகவே வெள்ளத்தின் நடுவே நின்று தெருவைச் சிவப்பாக்க வேண்டிய அவசியமில்லை. 2018-இல் எந்த வாசற்படி வரை நீர் வந்தது, 2022-இல் எது வரை வந்தது என்பது அந்தந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். அருகில் உள்ள ஒரு கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் வீடு வீடாகக் கேட்டு, முதலில் சந்துகளை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் வரைந்து, அதன்மேல் ஒன்றரை லட்சம் கன அடிக்கு ஒரு கோடு, இரண்டு லட்சத்துக்கு ஒரு கோடு என்று போட்டு நகராட்சியிடம் கொடுக்கலாம். ஆறு ஒடுங்கிக் கிடக்கும் ஏப்ரல், மே மாதங்கள் இதற்கு வசதியானவை.