குதிரைக்கு நம்ம மனசு தெரியுமா? பாண்டியர் லாயத்திலிருந்து போடி மலை வரை

தேர்தல் சமயத்தில் செய்திகளில் ஒரு படம் வரும், கவனிச்சிருப்பீங்க. தேனி மாவட்டம் போடிக்கு மேலே, சாலை போகாத மலைக் கிராமங்களுக்கு வாக்குப்பதிவு இயந்திரங்களைக் குதிரை முதுகில் கட்டிக் கொண்டு போவார்கள். நாம ‘அட!’ன்னு சொல்லிட்டு அடுத்த செய்திக்குப் போயிடுவோம்.

ரீல்ஸில் இன்னொரு படம் வரும். ஒரு குழந்தை குதிரையின் கழுத்தில் முகம் புதைத்து நிற்கும். கீழே ‘ஹார்ஸ் தெரபி’ன்னு எழுதியிருக்கும். அதாவது மனநலத்துக்குக் குதிரை. சுமை தூக்குற குதிரைக்கும் மனசைத் தேற்றுகிற குதிரைக்கும் நடுவில் என்ன வரலாறு இருக்கு? இன்றைய எபிசோட் அதைப் பற்றித்தான்.

முதலில் பாண்டிய நாட்டுக்குப் போவோம். பாண்டியர் வரலாற்றுக்கு முக்கியமான சின்னமனூர் செப்பேடுகள் கிடைத்த ஊர், கம்பம் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது. அந்தப் பாண்டியர்களுக்குக் குதிரை என்றால் உயிர். ஆனால் குதிரை இங்கே விளையாது. அரேபியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் கப்பலில் காயல்பட்டினம் பக்கம் வந்து இறங்க வேண்டும். மாணிக்கவாசகர் கதை நினைவிருக்கா? மன்னன் கொடுத்தனுப்பிய பொன், குதிரை வாங்கத்தானே!

13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்கோ போலோ ஒரு கணக்கு சொல்கிறார். பாண்டிய மன்னரும் அவருடைய சகோதரர்களும் ஆளுக்கு 2,000 குதிரைக்கு மேல் ஒவ்வொரு வருஷமும் வாங்குகிறார்கள்; வருஷக் கடைசியில் 100 கூட மிஞ்சுவதில்லை. பயணிகள் சொல்லும் எண்ணைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அவர் சொல்லும் காரணம் முக்கியம். குதிரையைப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. விற்கிற வணிகர்களோ குதிரை வைத்தியர்களை இங்கே வர விடுவதில்லை. செத்தால்தானே அடுத்த வருஷமும் விற்கலாம்! பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாபும் இதையே இன்னொரு விதமாக எழுதியிருக்கிறார்: வறுத்த பார்லி, வெண்ணெய் சேர்த்த தானியம், காய்ச்சிய பால் என்று குதிரைக்குக் கொடுக்கிறார்களாம். கொடுத்தவர்கள் பாசத்தில்கூடக் கொடுத்திருக்கலாம். ஆனால் அது குதிரைக்கு என்ன வேண்டும் என்று தெரிந்து கொடுத்த தீனி இல்லை.

இதே மண்ணில் குதிரைக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அது அய்யனார் கோயில் குதிரை. மதுரை, சிவகங்கை, தேனி வட்டாரங்களில் புரவி எடுப்பு பார்த்திருப்பீங்க. ஊர் சார்பில் வேளாரிடம் பிடிமண் கொடுப்பார்கள். அவர் அந்த மண்ணில் குதிரை செய்வார். கண் திறந்த பிறகு, ஊரே சேர்ந்து அதைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போகும். பிள்ளைக்கு உடம்பு சரியாகணும், வீட்டில் நிம்மதி வரணும் என்று நேர்ந்துகொண்டவர்கள் செலுத்தும் குதிரைகள் அதில் உண்டு. இதைச் சிகிச்சைன்னு நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு வீட்டின் கவலை, அந்த ஒரு நாள் ஊரின் தோளில் ஏறுகிறது. அது சின்ன விஷயம் இல்லை.

அப்போ, உயிருள்ள குதிரை எப்போது சிகிச்சைக்குள் வந்தது? 1944-இல் டென்மார்க்கில் லிஸ் ஹார்ட்டல் என்ற இளம்பெண்ணுக்குப் போலியோ தாக்கியது. முழங்காலுக்குக் கீழே செயலில்லை. குதிரை மேல் ஏற்றிவிடவும் இறக்கிவிடவும் ஆள் வேண்டும். அப்படியிருந்தும் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், ஆண்களோடு போட்டியிட்டுக் குதிரையேற்றத்தில் வெள்ளி வென்றார். அதற்குப் பிறகு ஐரோப்பாவில் உடல் சிகிச்சைக்குக் குதிரையைப் பயன்படுத்தும் முயற்சிகள் வேகம் பிடித்தன. 1969-இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இதற்கென்றே அமைப்புகள் உருவாயின.

அது உடம்புக்கு. மனசுக்கு எப்படி? அதற்கு இன்னும் கொஞ்சம் பின்னால் போகணும். 1900-களின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்றொரு குதிரை. கணக்கு கேட்டால் குளம்பைத் தட்டி விடை சொல்லும். ஊரே வியந்தது. ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற ஆய்வாளர் 1907-இல் விஷயத்தைக் கண்டுபிடித்தார். கேட்கிற ஆளுக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. ஆள் கண்ணில் படாவிட்டாலும் அது தடுமாறியது. சரியான எண் வந்ததும் கேட்டவரின் தலையும் உடம்பும் அவருக்கே தெரியாமல் லேசாக அசைந்தன. ஹான்ஸ் அதைப் படித்தது. ஆக, அதற்குக் கணக்குத் தெரியாது. ஆனால் யோசிச்சுப் பாருங்க, கணக்கை விடப் பெரிய வித்தை இதுதானே?

குதிரை, வேட்டையாடப்படும் விலங்கு. பக்கத்தில் வருபவர் பதற்றமாக இருக்கிறாரா, அமைதியாக இருக்கிறாரா என்று கவனித்துத்தான் அது பிழைத்து வந்திருக்கிறது. கோபமான மனித முகத்தின் படத்தைப் பார்த்தாலே குதிரையின் இதயத் துடிப்பு கூடுகிறது என்று சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் காட்டினார்கள்.

மனநலத்துக்கான குதிரை சிகிச்சையில் பெரும்பாலும் சவாரியே கிடையாது. பக்கத்தில் போவது, தேய்த்துவிடுவது, கயிறு பிடித்து நடத்துவது, அவ்வளவுதான். நீங்க படபடப்போடு போனால் குதிரை விலகும். மூச்சை நிதானமாக்கினால் நிற்கும். ‘உனக்கு என்ன பிரச்சினை’ன்னு யாரும் கேட்பதில்லை. பேச முடியாத குழந்தைக்கும், போரிலிருந்து திரும்பிய சிப்பாய்க்கும் அது ஒரு வாசல். இதன் பலனைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. அதனால் மருந்துக்கும் ஆலோசனைக்கும் துணையாக வைக்கலாம், பதிலாக வைக்கக்கூடாது.

மறுபடி போடிக்கு வருவோம். குரங்கணிக்கு மேலே டாப் ஸ்டேஷன், சென்ட்ரல் ஸ்டேஷன் என்று இடங்கள் இருக்கின்றன. இவற்றில் டாப் ஸ்டேஷனுக்கு மூணாறிலிருந்து ஒரு காலத்தில் ரயிலும் வந்தது. மூணாறு தேயிலையைக் கொட்டகுடி அடிவாரத்துக்கு இறக்கிய பழைய ரோப்வே விட்டுச்சென்ற பெயர்கள். ரோப்வே போய்விட்டது, குதிரைப் பாதை இருக்கிறது. அரிசி மேலே போகிறது, மலை விளைச்சல் கீழே வருகிறது. அந்தச் சரிவில் குதிரை ஓட்டுபவர், அதன் காது பின்னால் மடங்கினாலே நிறுத்திவிட வேண்டும். பாண்டியரின் பொன்னால் வாங்க முடியாமல் போன அறிவு இதுதான்.

நகரத்தில் இந்தச் சிகிச்சைக்குக் காசு கட்டுவதற்கு முன் மூணு கேள்வி கேளுங்க. பயிற்சி பெற்ற மனநல நிபுணர் கூட இருக்கிறாரா? இந்தக் குதிரை ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்கிறது? அது விலகிப் போக நினைத்தால் விடுவீங்களா? மூணாவது கேள்விக்கு ‘இல்லை’ன்னு பதில் வந்தால் கிளம்பிடுங்க. விலக முடியாத குதிரை, உங்களைப் பற்றி எதையும் உங்களுக்குச் சொல்ல முடியாது.

அதுவரை காத்திருக்க முடியாத அளவுக்கு மனசு கனமாக இருந்தால், 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம். அரசின் டெலிமானஸ் சேவை அது, இலவசம், தமிழிலேயே பேசலாம். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.