நூறடி உயரத்தில் முடிந்த பயணம்

2004 ஏப்ரல் 17, சனிக்கிழமை. நாடாளுமன்றத் தேர்தல் நேரம். சிவகிரித் தெருக்களில் மைக் கட்டின ஆட்டோக்கள் அலறிக்கொண்டிருந்தன. டீக்கடை டி.வி.யில் செய்தி வந்தது: நடிகை சௌந்தர்யா விமான விபத்தில் மரணம். "நம்ம 'படையப்பா' பொண்ணாய்யா?" என்ற கடைக்காரர், ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டார்.

அவரும் பிரசாரத்துக்குத்தான் கிளம்பினார். பெங்களூர் ஜக்கூர் விமானத் திடலிலிருந்து கரீம்நகருக்கு, பா.ஜ.க.வுக்கு ஓட்டுக் கேட்க. செஸ்னா 180 என்ற ஒற்றை எஞ்சின் விமானம். காலை 11.05-க்குக் கிளம்பி, சுமார் நூறடி ஏறி, மேற்கே திரும்பி, வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.கே.வி.கே. வளாகத்தில் விழுந்து எரிந்தது. சகோதரர் அமர்நாத், கட்சிக்காரர் ஒருவர், விமானி, சௌந்தர்யா என்று நால்வரும் போய்விட்டார்கள். அந்த மற்ற மூவரைப் பற்றி நம்மூரில் யாரும் பேசிக் கேட்டதில்லை. பல்கலைக்கழகத்து ஆட்கள் காப்பாற்ற ஓடினார்கள். விழுமுன் விமானம் தள்ளாடியதாகச் சொன்னவர்களும் அவர்கள்தான்.

கல்லூரி திறந்ததும் என் இயற்பியல் வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்: "சார், நூறடிதானே? மெதுவா இறக்கியிருக்கலாமே?"

நியாயமான கேள்வி. நம் குற்றாலம் பேரருவியின் உச்சியைக்கூட எட்டாத உயரம்! ஆனால் ஆபத்தே அந்தக் குறைந்த உயரத்தில்தான். கிளம்பிய சிறு விமானத்துக்கு வேகமும் குறைவு. சாய்ந்து திரும்பினால் இறக்கைக்குத் தூக்குவிசை கூடுதலாக வேண்டும். 60 பாகை சாய்வில், விழாமல் பறக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் 41 சதவீதம் கூடுகிறது. அது கிடைக்காவிட்டால் இறக்கை பிடி விட்டுவிடும். மீள மூக்கைத் தாழ்த்தி வேகம் எடுக்க வேண்டும். தாழ்த்தக் கீழே இடம் வேண்டுமே! ஜக்கூரில் நடந்தது இதுதான் என்று நான் சொல்லவில்லை. நூறடியிலிருந்து ஒரு கல் விழ எவ்வளவு நேரமாகும் என்று கரும்பலகையில் கணக்குப் போடச் சொன்னேன். இரண்டரை விநாடி. அவன் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்துவிட்டான்.

1993-ல் 'பொன்னுமணி'யில் நமக்கு அறிமுகமானவர் சௌந்தர்யா. கன்னடத்தில் அவர் தயாரித்து நடித்த 'த்வீபா' சிறந்த படத்துக்கான தேசிய விருது பெற்றது. 'ஆப்தமித்ரா' அவர் மறைந்தபின் வெளிவந்தது. அதை இயக்கிய பி.வாசுவே 2005-ல் தமிழில் 'சந்திரமுகி' எடுத்தார். அதில் ஜோதிகா செய்தது, அங்கே சௌந்தர்யா செய்த வேடம். தியேட்டரில் பக்கத்து சீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். "படத்தைப் பாருங்க சார்" என்றார்.