குடி என்று யாரைச் சொல்வது?

வீட்டு வாடகைக்குக் குடிக்கூலி என்றும் ஒரு பெயர் உண்டு. இப்போது அந்தச் சொல்லைக் கேட்பது அரிது. ஆனால் அதிலுள்ள 'குடி' சென்னை வீடுகளின் கேட்டில் இன்னும் தொங்குகிறது: 'குடும்பத்துக்கு மட்டும்.' குடி என்றால் வீடு, குடும்பம், குலம் எல்லாம்தான். வாடகை கொடுக்கப் பணமிருந்தால் போதாது. வருகிறவர் குடியாகவும் இருக்க வேண்டும். தனியே வந்து நிற்கும் பெண் குடியா இல்லையா என்பதில் இந்த நகரத்துக்கு நெடுநாளாகச் சந்தேகம்.

திருவல்லிக்கேணியை எடுத்துக்கொள்வோம். குறைந்த வாடகைக்கு இடம் தேடி வெளியூர்க்காரர்கள் வந்திறங்கும் பேட்டை அது. கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஒரே வீட்டைப் பல போர்ஷன்களாகப் பிரித்து ஒண்டுக்குடித்தனம் வைத்தார்கள். பல குடும்பங்களுக்கு ஒரு குழாய், ஒரு கழிவறை. விடியுமுன் எழுந்து தண்ணீர் பிடித்தது, முறைவைத்துக் கழிவறை கழுவியது, மாதவிலக்கு நாட்களில் துணி உலர்த்த இடமின்றித் தவித்தது எல்லாம் பெண்கள். வாடகை குறைவு என்று நாம் சொல்லும்போது, குறைந்த தொகையின் ஒரு பகுதியை அவர்கள் உடலுழைப்பால் கட்டிவந்தார்கள் என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஊர்விட்டு வந்த தனி ஆண்களுக்கு அதே பேட்டையில் மேன்ஷன்கள் எழுந்தன. ஒரு கட்டில், ஓர் ஆணி, ஒரு சாவி. வேலை தேடியவர்களும் குமாஸ்தாக்களும் சினிமாக் கனவோடு வந்தவர்களும் அங்கே வாழ்ந்தார்கள்; அதைப் பற்றி ஆண்கள் எழுதியதும் நிறைய. மூட்டைப்பூச்சியைப் பற்றி அவர்கள் புலம்பியிருக்கிறார்கள். சாவியைப் பற்றி எழுத அவர்களுக்குத் தோன்றவில்லை. இருந்ததால் தோன்றவில்லை.

அந்த மேன்ஷன்களிலிருந்து நடந்தே போகும் தூரத்தில், கடற்கரையைப் பார்த்தபடி, ஐஸ் ஹவுஸ் நிற்கிறது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட கட்டடம். சிறுவயதிலேயே கணவனை இழந்து, 1911இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்ற சகோதரி சுப்புலட்சுமி, இளம் விதவைகளைப் படிக்கவைக்கத் தொடங்கிய இல்லம் பிறகு இங்கேதான் இயங்கியது. எதிரே விதவை வந்தால் போகிற காரியம் கெடும் என்று நம்பிய ஊரில், இத்தனை விதவைகளுக்கு யார் வீடு கொடுப்பார்? பனிக்கட்டி வைத்திருந்த கிடங்குதான் கிடைத்தது. அரசு ஆதரவு பெற்ற அந்த இல்லம் பிராமண விதவைகளுக்கானது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கதவு திறந்தபோதும் எல்லோருக்கும் திறக்கவில்லை.

1930இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வீட்டுக் கதவைத் தேவதாசி முறையிலிருந்து தப்பிவந்த சிறுமிகள் தட்டினார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் மறுத்தன. அவரே அடைக்கலம் கொடுத்தார். அவ்வை இல்லம் அப்படிப் பிறந்தது. இந்த இல்லங்கள் காப்பாற்றிய உயிர்களை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் தனிப் பெண்ணுக்கு இடம் என்றால் இல்லம், விடுதி, வார்டன், வருகைப் பதிவேடு என்று ஒரு வழக்கம் நிலைபெற்றதும் இவற்றோடுதான். 1970களில் மத்திய அரசு தொடங்கிய பணிபுரியும் மகளிர் விடுதித் திட்டமும் அதே வார்ப்பு. ஆணுக்கு அறை, பெண்ணுக்குப் பாதுகாப்பு.

சட்டம் என்ன செய்தது? சென்னையில் வாடகைக் கட்டுப்பாடு இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1941இல், உத்தரவாக வந்தது. 1946இலும் 1949இலும் சட்டமாகி, 1960ஆம் ஆண்டுச் சட்டமாக அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. நியாய வாடகை எவ்வளவு, எந்தக் காரணத்துக்காகக் காலி செய்யச் சொல்லலாம் என்பதெல்லாம் அதில் இருந்தது. ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்றும் இருந்தது. ஒரு மாதம்! சென்னையில் வீடு தேடிய எவருக்கும் சிரிப்பு வரும். நகரம் கேட்டது பத்து மாதம். அந்தப் பத்து மாதத்துக்காக எத்தனை சங்கிலிகளும் வளையல்களும் அடகுக்கடைக்குப் போயின என்பதை எந்த வாடகை நீதிமன்றமும் குறித்துவைக்கவில்லை. நகை மனைவியுடையது, ஒப்பந்தத்தில் கையெழுத்து கணவனுடையது. காலி செய்யும்போது திரும்பிவரும் பணமும் அவன் கையில்தான்.

அதே சட்டத்தில் இன்னொரு பிரிவு எனக்கு வியப்பூட்டுவது. வீடு காலியானால் உரிமையாளர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அரசு விரும்பினால் அதை எடுத்துத் தன் அதிகாரிகளுக்கு ஒதுக்கலாம். ஆக, இன்னாருக்குக் கொடு என்று வீட்டுக்காரரிடம் சொல்லும் அதிகாரம் அரசிடம் இருந்தது. விதவைக்கும் ஆசிரியைக்கும் செவிலிக்கும் அதைப் பயன்படுத்தலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம், சாலை என்று பெயர் சொல்லிப் பாகுபாட்டைத் தடுக்கிறது. வாடகை வீடு அந்தப் பட்டியலில் இல்லை. சாதி கேட்பவரும், மதம் கேட்பவரும், 'சார் எப்போ வருவாங்க?' என்று என்னிடம் கேட்டவர்களும் நிற்பது அந்த இடைவெளியில்தான். முனைவர் பட்டமும் சம்பளச் சீட்டும் அந்தக் கேள்விக்குப் பதில் ஆகவில்லை.

1960ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் விடைபெற்றது. புதிய சட்டத்தில் முன்பணம் மூன்று மாதம். இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால். வீடு கிடைத்தால் போதும் என்று நிற்பவள் எந்த ஒப்பந்தத்துக்கு மறுப்புச் சொல்வாள்?

கணவன் பெயரில் இருக்கும் வாடகை வீட்டிலிருந்து அவனே போய்விட்டால்? வாடகைதாரர் அவன். வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டால், அவளுக்கு வாதாடும் உரிமை உண்டா என்ற கேள்வி பெங்களூரு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம்வரை போனது. கைவிடப்பட்ட மனைவி கணவனின் இடத்தில் நின்று வாதாடலாம் என்று 2005இல் தீர்ப்பு வந்தது. மணமுறிவு ஆகும்வரை மட்டும். மனைவி என்ற பெயர் போனால் வீடும் போகும். அதே ஆண்டு நிறைவேறிய குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வாடகை வீட்டையும் 'பகிர்ந்து வாழும் இல்லம்' என்று ஏற்றது. அங்கே இருக்க முடியாத நிலையில், அதற்கு ஈடான வேறு வீடு ஏற்பாடு செய்யவோ அதற்கான வாடகையைக் கொடுக்கவோ கணவனுக்கு நீதிபதி உத்தரவிடலாம். உத்தரவு வாங்கிய பெண்களிடம் கேட்டுப் பாருங்கள். பணம் வந்தாலும் வராவிட்டாலும், குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக 'டு-லெட்' பலகை பார்த்துப் போக வேண்டியது அவள்தான். கதவைத் திறப்பவர் முதலில் பார்ப்பது அவளுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று.