அச்சுக்கூடமும் அஞ்சலோட்டமும்: பிரிண்டர், நெட்வொர்க் சொற்களின் நாஞ்சில் நாட்டுக் கதை

சான்றிதழ் வாங்கவோ, வரி கட்டவோ ஏதாவது ஓர் அலுவலகக் கவுண்டர் முன்னால் நிற்பவர் இன்று அதிகமாகக் கேட்கும் தொழில்நுட்பச் சொல் எது? "சர்வர் டவுன்". இந்த இரண்டு சொல்லைக் கேட்டதும் வரிசையில் நிற்பவர்கள் மறுபேச்சில்லாமல் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். நின்றுபோனது உண்மையில் சர்வரா, அலுவலகத்துக்குள் இருக்கும் நெட்வொர்க்கா, வெளியிலிருந்து வரும் இணைப்பா, அல்லது பிரிண்டரில் டோனர் தீர்ந்துவிட்டதா என்று யாரும் கேட்பதில்லை. கேட்கச் சொல் தெரிந்தால்தானே கேட்க முடியும்?

இந்தச் சொற்கள் எல்லாம் நேற்று வந்தவை, நமக்குச் சம்பந்தமில்லாதவை என்ற எண்ணம் பலருக்கு உண்டு. ஆனால் இவற்றுக்குப் பின்னால் இருக்கும் வேலைகள், எழுத்தை அச்சிடுவதும் செய்தியைக் கைமாற்றி அனுப்புவதும், கன்னியாகுமரி மாவட்டத்துக்குப் பழையவை. அந்த வழியாகப் போனால் கலைச்சொற்கள் எளிதாகப் புரியும்.

ஈய எழுத்தும் எழுத்துருவும்

தமிழ் எழுத்துகளை உலோகத்தில் வார்த்து அச்சிட்ட பழைய புத்தகம் 'தம்பிரான் வணக்கம்'. 1578-இல் கொல்லத்தில் அச்சானது. நாஞ்சில் நாட்டுக்கு அச்சு இயந்திரம் வர இன்னும் இரண்டரை நூற்றாண்டு ஆயிற்று. லண்டன் மிஷன் ஊழியர் சார்லஸ் மீட் 1818-இல் இங்கு வந்தார். 1820-களின் தொடக்கத்தில் நாகர்கோவிலில் அச்சுக்கூடம் நிறுவப்பட்டது. திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் முதல் அச்சுக்கூடமாக இதையே சொல்கிறார்கள். சமயத் துண்டுப் பிரசுரங்களும் பள்ளிப் புத்தகங்களும் இங்கிருந்து தமிழில் வந்தன.

அந்தக் கால அச்சுக்கூடத்தில் கம்பாசிட்டர் ஒவ்வொரு ஈய எழுத்தாகப் பெட்டியிலிருந்து பொறுக்கி, வரி வரியாக அடுக்கி, பக்கமாகக் கட்டுவார். மேலே மை தடவித் தாளை வைத்து அழுத்தினால் ஒரு பக்கம் அச்சாகும். ஒரே அளவில், ஒரே வடிவில் வார்க்கப்பட்ட எழுத்துகளின் முழுத் தொகுதிக்கு ஆங்கிலத்தில் 'ஃபாண்ட்' என்று பெயர். வார்ப்பது என்ற பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது அது. கணினியில் ஈயமும் இல்லை, வார்ப்பும் இல்லை. ஆனாலும் பெயர் மட்டும் அப்படியே வந்துவிட்டது. தமிழில் அதற்கு 'எழுத்துரு' என்று வைத்தார்கள். எழுத்தின் உரு; பொருத்தமான சொல்.

ஓர் அச்சுக்கூடத்தில் இல்லாத எழுத்தை அங்கே அச்சடிக்க முடியாது. கணினித் தமிழும் இதே சிக்கலில் பல ஆண்டுகள் மாட்டிக்கொண்டு நின்றது. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு குறிமுறையில் எழுத்துரு செய்தது. நாகர்கோவிலில் தட்டச்சு செய்த கடிதத்தைச் சென்னையில் திறந்தால், அதே எழுத்துரு அங்கே இல்லையென்றால், தமிழுக்குப் பதில் புரியாத குறிகள் வந்து நிற்கும். இதைச் சரிசெய்ய 1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாடு கூடி விசைப்பலகைக்கும் குறிமுறைக்கும் தரம் வகுத்தது. 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. ஒரு சொல்லுக்குப் பின்னால் எத்தனை ஆண்டுப் பாடு இருக்கிறது பாருங்கள்.

பிரிண்டர் மூன்று விதம்

அலுவலகங்களில் காணும் அச்சுப்பொறிகள் பெரும்பாலும் மூன்று வகை.

முதலாவது 'டாட் மேட்ரிக்ஸ்', அதாவது புள்ளி அச்சுப்பொறி. 9 அல்லது 24 ஊசிகள் மை நாடாவின் மேல் தட்டித் தட்டிப் புள்ளிகளால் எழுத்தை உண்டாக்கும். பழைய அச்சு இயந்திரத்தைப் போல இதுவும் அழுத்தித்தான் அச்சிடுகிறது. அதனால்தான் அடியில் கார்பன் வைத்துப் பிரதி எடுக்க முடிகிறது. வங்கிப் பாஸ்புக்கில் கடகடவென்று அடிப்பதும் இந்த வகைதான். ஆனால் தமிழின் சுழிகளுக்கும் கொம்புகளுக்கும் 9 ஊசி போதாது. புள்ளிகள் நெருங்கினால்தான் எழுத்து தெளியும். ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளி என்பதே 'டிபிஐ' என்ற கணக்கு.

இரண்டாவது 'இங்க்ஜெட்', மைப்பீச்சு அச்சுப்பொறி. பெயரிலேயே வேலை இருக்கிறது. நுண்ணிய துளைகள் வழியாகத் திரவ மையைத் தாளின் மேல் பீச்சுகிறது.

மூன்றாவது லேசர் அச்சுப்பொறி. இதில் சொட்டு மை கிடையாது. ஒளிக்கற்றை ஓர் உருளையின் மேல் மின்னூட்டத்தால் எழுத்தை வரைகிறது. அந்த இடத்தில் 'டோனர்' என்னும் தூள் ஒட்டி, தாளுக்கு மாறி, சூட்டில் உருகிப் படிகிறது. தாள் வெதுவெதுப்பாக வெளியே வருவது இதனால்தான்.

இவற்றோடு இரண்டு சொற்கள் தெரிந்தால் பாதிச் சிக்கல் தீரும். 'இயக்கி' என்கிற டிரைவர், கணினி சொல்வதை அந்தக் குறிப்பிட்ட பிரிண்டருக்குப் புரியவைக்கும் மென்பொருள். 'அச்சு வரிசை' என்பது ஒன்றன்பின் ஒன்றாக அச்சுக்குக் காத்திருக்கும் வேலைகள். முன்னால் நிற்கும் ஒரு வேலை சிக்கிக்கொண்டால் பின்னால் உள்ளவை எல்லாம் நிற்கும். பிரிண்டரில் எந்தப் பழுதும் இருக்காது.

பிரிண்டரும் நெட்வொர்க்கும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்

அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் 1971-இல் கேரி ஸ்டார்க்வெதர் லேசர் பிரிண்டரை உருவாக்கினார். மேசைக்கு ஒன்று வைக்க முடியாத இயந்திரம் அது. பல கணினிகளை ஒன்றோடொன்றும் அந்த ஒரே பிரிண்டரோடும் இணைக்க வழி வேண்டியிருந்தது. அதே ஆய்வகத்தில் இருந்த ராபர்ட் மெட்காஃப் 1973 மே மாதம் எழுதிய குறிப்பில் பிறந்ததுதான் 'ஈதர்நெட்'. ஒளி பரவுவதற்கு எங்கும் நிறைந்த ஊடகம் ஒன்று இருப்பதாக அறிவியலாளர்கள் ஒருகாலத்தில் நம்பி, பிறகு கைவிட்ட 'ஈதர்' என்ற பெயரை அவர் எடுத்துக்கொண்டார். இன்றைக்கும் அலுவலகச் சுவரில் ஓடும் நெட்வொர்க் கேபிளுக்கு அந்தப் பெயர்தான்.

மணி கட்டிய கோலும் பொதியும்

நெட்வொர்க் சொற்களைப் புரிந்துகொள்ளத் திருவிதாங்கூர் 'அஞ்சல்' நல்ல வழிகாட்டி. பிரிட்டிஷ் இந்தியாவின் தபாலுக்கு வெளியே, சமஸ்தானம் தனியாக நடத்திய அமைப்பு இது. மணி கட்டிய கோலைப் பிடித்துக்கொண்டு அஞ்சலோட்டக்காரர் பையோடு ஓடுவார். மணிச் சத்தம் கேட்டால் வழியில் உள்ளவர்கள் விலக வேண்டும். ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்குப் பை கைமாறிப் போகும். 1888-இல் சங்கு முத்திரை போட்ட சொந்த அஞ்சல் தலையும் வந்தது. 1951-இல் இந்தியத் தபால் துறையோடு இது இணைந்தது.

இணையமும் இப்படித்தான் ஓடுகிறது. அனுப்பும் செய்தியைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு 'பாக்கெட்', தமிழில் பொதி. 1960-களில் பிரிட்டனின் டொனால்ட் டேவிஸ் இந்தப் பெயரைத் தேர்ந்தபோது, மற்ற மொழிகளிலும் எளிதாக மாற்றக்கூடிய சொல் வேண்டும் என்று மொழியறிஞர் ஒருவரைக் கேட்டுத்தான் முடிவு செய்தாராம். பொதியை வாங்கி, முகவரி பார்த்து, அடுத்த நிலையத்துக்குத் தள்ளிவிடுவது 'ரௌட்டர்', அதாவது திசைவி. ஊருக்குள் வந்த கடிதத்தை அந்தந்த வீட்டில் சேர்ப்பவரைப் போல, ஓர் அலுவலகத்துக்குள் உரிய கணினிக்கு மட்டும் சேர்ப்பது 'ஸ்விட்ச்'. மணி ஒலித்தால் விலக வேண்டும், பையை இன்னாரிடம்தான் கொடுக்க வேண்டும் என்பது போன்ற விதிகளின் தொகுப்பு 'புரோட்டோகால்', நெறிமுறை. ஒரே நேரத்தில் எவ்வளவு சுமை போகும் என்பது 'பேண்ட்வித்'. போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பது 'லேட்டன்சி'. இரண்டும் வேறு வேறு.

'மேலவீடு' என்று ஊருக்குள் சொன்னால் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஊருக்கு ஊர் ஒரு மேலவீடு உண்டு. வெளியூரிலிருந்து எழுதும்போது ஊரும் தாலுகாவும் சேர்க்க வேண்டும். 192.168 என்று தொடங்கும் ஐபி முகவரி இந்த மேலவீடு மாதிரி. உள்ளே மட்டும் செல்லும். அஞ்சல் தலையும் அப்படித்தான். ஆரல்வாய்மொழி தாண்டித் திருநெல்வேலிச் சீமைக்குப் போனால் செல்லாது. இரண்டு அமைப்புகள் சந்திக்கும் அந்த எல்லையில் நின்று மாற்றிக் கொடுப்பது 'கேட்வே', நுழைவாயில்.

கச்சேரிச் சொல்லும் கணினிச் சொல்லும்

1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்துக்கு வந்தன. அதே ஆண்டில் தமிழ் ஆட்சிமொழிச் சட்டமும் நிறைவேறியது. கச்சேரி அலுவலகமாயிற்று, பார்வத்தியக்காரர் போய்க் கிராம அலுவலர் வந்தார். மலையாளத்தில் எழுதிய பழைய பத்திரங்களைப் படித்துச் சொல்ல ஆள் தேட வேண்டியதாயிற்று. சொல் மாறும்போது, அது தெரியாதவர் தெரிந்தவரை நம்பி நிற்க வேண்டியிருக்கிறது. கணினிச் சொல் வந்தபோதும் இதே கதைதான்.

1916-இல் சேலத்தில் ராஜாஜி முதலியோர் அறிவியல் சொற்களுக்காகச் சங்கம் தொடங்கிய நாளிலிருந்து தமிழில் கலைச்சொல் பட்டியலுக்குக் குறைவில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. சர்வருக்கு வழங்கி, சேவையகம், பரிமாறி. ரௌட்டருக்குத் திசைவி, வழிச்செலுத்தி. பாடப்புத்தகத்தில் ஒன்று, அகராதியில் ஒன்று, திரையில் ஒன்று. மாணவர்கள் பரீட்சைக்கு ஒன்றை மனப்பாடம் செய்து, வேலைக்குப் போனபின் ஆங்கிலத்தில் மறுபடி படிக்கிறார்கள். நிலைத்த சொற்களைப் பார்த்தால் ஒன்று விளங்கும். வீணையின் தந்தி டெலிகிராமுக்குப் பெயரானது. திருவிதாங்கூரில் ஓட்டக்காரர் சுமந்த அஞ்சல் என்ற சொல், இன்று மின்னஞ்சலில் உட்கார்ந்திருக்கிறது. மக்கள் கையாண்ட பொருளோடு ஒட்டிய சொல் தானாகவே நின்றுவிடுகிறது.

திசைவி என்றாலும் சரி, ரௌட்டர் என்றாலும் சரி, அது என்ன வேலை செய்கிறது என்று தெரிவதே முக்கியம். அது தெரிந்தவர் கவுண்டரில் "சர்வர் டவுன்" என்று கேட்டதும் திரும்ப மாட்டார். "பக்கத்து கம்ப்யூட்டரில் வருகிறதா? வந்தால் சர்வர் ஓடுகிறது என்றுதானே அர்த்தம்? அதிலிருந்து பிரிண்ட் எடுக்கலாமே?" என்று கேட்பார். அந்தக் கேள்வியால் ஒருநாள் பஸ் கூலியும் ஒருநாள் வேலையும் மிச்சமாகலாம்.