நூலகப் போதனையும் சமுதாய நீதியும்: தாமஸ் ஃபவுண்டன் புளூவின் பணி

நூலகத்தை நூல்கள் நிறைந்த கட்டடமாகவே நாம் பெரும்பாலும் எண்ணுகின்றோம். அதன் கதவு யாருக்குத் திறக்கப்படுகின்றது, உள்ளே வந்தவர்க்கு நூலைத் தேடிக் கண்டடையும் வழியை யார் கற்பிக்கின்றனர் என்னும் இரு வினாக்களை நாம் அரிதாகவே எழுப்புகின்றோம். இவ்விரண்டும் சமுதாய நீதியைச் சார்ந்த வினாக்கள். இவற்றிற்குத் தம் வாழ்நாட்பணியால் விடையளித்தவர், இறையியற் பட்டம் பெற்று நூலகரான தாமஸ் ஃபவுண்டன் புளூ என்னும் அமெரிக்கக் கறுப்பினத்தவர்.

1. பின்னணி

புளூ 1866ஆம் ஆண்டு வர்ஜீனியா மாநிலத்தில் பிறந்தார். அவர்தம் பெற்றோர் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றவர்கள். அடிமைகளுக்கு எழுத்தறிவு புகட்டுவதைச் சட்டத்தால் தடுத்திருந்த மாநிலம் அது. ஹாம்ப்டன் நிறுவனத்தில் கல்வி கற்ற புளூ, 1898இல் ரிச்மண்ட் இறையியற் கல்லூரியில் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் கறுப்பின வாலிபரிடையே ஒய்.எம்.சி.ஏ. செயலராகப் பணியேற்றார்.

அக்காலத்தில் கென்டக்கியில் இனப்பிரிவினை இறுகி வந்தது. இரு இனத்தாரும் ஒரே பள்ளியில் பயிலுவதை 1904ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடைசெய்தது. இரு இனத்தாரையும் ஒருங்கே கற்பித்துவந்த பெரியா கல்லூரியும் இதற்குப் பணியவேண்டியதாயிற்று. 1908இல் உச்சநீதிமன்றமும் அச்சட்டத்தை நிலைநிறுத்தியது.

2. மேற்குக் கிளை நூலகம்

லூயிவில் நகரில் பொது நூலகம் உருவானபோது, கறுப்பின மாணவர் பயின்ற உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் ஆல்பர்ட் மேசீக் தம் மாணவருக்குப் படிக்க நூல்கள் இல்லாத குறையை நூலகக் குழுவின் முன் வைத்தார். இதன் பயனாக 1905இல் ஒரு தனியார் இல்லத்தின் மூன்று அறைகளில் மேற்குக் கிளை நூலகம் தொடங்கப்பட்டது. புளூ அதன் தலைவரானார். 1908இல் கார்னகியின் நன்கொடையால் அதற்குச் சொந்தக் கட்டடம் எழுந்தது. கறுப்பின மக்களுக்கென்று, முற்றிலும் கறுப்பின அலுவலராலேயே நடத்தப்பட்ட முதற் பொது நூலகக் கிளை இதுவெனக் கருதப்படுகின்றது.

புளூவும், பிள்ளைகளுக்கான பணியை முன்னின்று நடத்திய ரேச்சல் ஹாரிஸ் அம்மையாரும், நூல்களை வழங்குவதோடு நின்றுவிடவில்லை. பள்ளி வகுப்பறைகளுக்கு நூற்றொகுதிகளை அனுப்பினர். கதை நேரமும் விவாத மன்றமும் நடத்தினர். நூலகத்திற்குள் ஒருபோதும் கால்வைத்திராத ஒரு சமுதாயத்திற்கு, நூலகம் தனக்கும் உரியதே என்னும் துணிவை முதலில் ஊட்டவேண்டியிருந்தது. 1914இல் கிழக்குக் கிளையும் திறக்கப்பட, ஹாரிஸ் அதன் பொறுப்பை ஏற்றார்.

3. பயிற்சி வகுப்பு

ஆயினும் புளூவின் பணியில் தலையாயது அவர் நடத்திய பயிற்சி வகுப்பேயாகும். தென்மாநில நூலகப் பள்ளிகள் கறுப்பினத்தவரைச் சேர்த்துக்கொள்ளாத நாள்களில், 1912ஆம் ஆண்டளவில் அவர் தம் நூலகத்தையே பள்ளியாக்கினார். தென்மாநிலங்களின் பிற நகரங்களிலிருந்தும் பயில வந்தனர். கற்றவர்கள் தத்தம் ஊர் நூலகங்களில் பணியேற்றனர். 1925இல் ஹாம்ப்டனில் நூலகப் பள்ளி தோன்றும்வரை இதற்கு ஈடான வாய்ப்புத் தென்மாநிலக் கறுப்பினத்தவர்க்கு இல்லை எனலாம். 1922இல் டெட்ராய்ட் நகரில் கூடிய அமெரிக்க நூலகச் சங்க மாநாட்டில் புளூ இவ்வகுப்பைக் குறித்து உரையாற்றினார்.

4. மதிப்பீடு

இவ்வரலாற்றை வெற்றிக்கதையாக மட்டும் வாசித்தல் பொருந்தாது. மேற்குக் கிளை பிரிவினையின் கனியும் ஆகும். அதன் சிறப்பைக் காட்டித் தலைமை நூலகத்தின் கதவை அடைத்தே வைத்திருத்தல் ஆட்சியாளர்க்கு எளிதாயிற்று. புளூ 1935இல் மறைந்தார். தலைமை நூலகம் கறுப்பினத்தவர்க்குத் திறந்தது 1948இலேயே. கிளைகள் யாவும் திறக்க 1952 ஆயிற்று. அநீதியான அமைப்பினுள் நின்று செய்யும் நற்பணி அவ்வமைப்பை நீடிக்கச் செய்கின்றதா, அன்றி அதனை மேற்கொள்ளும் ஆற்றலை மக்களுக்கு அளிக்கின்றதா? இரண்டும் ஒருங்கே நிகழக்கூடும் என்பதே லூயிவில் நமக்குக் காட்டும் உண்மை. எனினும் கதவு திறக்கும் நாள்வரை மக்களைக் கல்லாமையில் காத்திருக்கச் செய்ய புளூ உடன்படவில்லை.

5. நமக்குரிய பாடம்

நம் இறையியற் கல்லூரி நூலகங்களின் கதவுகள் எல்லா மாணவர்க்கும் திறந்தே உள்ளன. ஆனால் நூலகமே இல்லாத கிராமப் பள்ளியில் பயின்று, தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்பிற்கு வந்த மாணவர் ஒருவர், பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அமைந்த நூற்பட்டியலின் முன் திகைத்து நிற்கின்றார். கேட்க வெட்கப்பட்டு, வகுப்புக் குறிப்புகளோடு திரும்பிவிடுகின்றார். அவரை ஆர்வமற்றவர் என்று நாம் எளிதில் தீர்ப்பிட்டுவிடுகின்றோம். நூற்பட்டியல் இன்று கணினிக்கு மாறிவிட்டதால் இத்தடை நீங்கிவிடவில்லை. தேடும் முறை, மூலநூலைச் சோதித்தறியும் முறை, ஒரு நூலாசிரியர் யாருடைய நிலையினின்று எழுதுகின்றார் என்று வினவும் முறை ஆகியவற்றை முதல் ஆண்டிலேயே, மாணவரின் தாய்மொழியில், அவரருகில் அமர்ந்து கற்பிப்பது நம் கடமையாகும். இதனை நூலகரின் தயவாகக் கருதாமல், மாணவரின் உரிமையாக நாம் ஏற்கவேண்டும்.